‘இரும்புக் கூண்டு’ என்று வெபர் எழுதவே இல்லையாமே?

செல்வி_மதுரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய நூலின் கடைசி நான்கைந்து பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் வழியாகத்தான், எனக்கு ஜெர்மன் தெரியாது. ‘இரும்புக் கூண்டு’ வரும் இடத்தை எழுதி முடித்தபோது வட்டத்தில் ஒருவர், “மூலத்தில் இரும்பும் இல்லை, கூண்டும் இல்லை, தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

வெபர் அந்தக் கட்டுரையை 1904-05இல் எழுதினார், 1920இல் திருத்தினார். அவர் எழுதிய சொல் ‘ஷ்டால்ஹார்ட்டெஸ் கெஹொய்ஸெ’. ‘ஷ்டால்’ எஃகு, ‘ஹார்ட்’ கடினம், ‘கெஹொய்ஸெ’ உறை, ஓடு, கூடு மாதிரி ஒன்று. 1930இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது அது ‘இரும்புக் கூண்டு’ ஆனது. அப்புறம் உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. 1983இல் டிமாஜியோவும் பவலும் நிறுவனங்களைப் பற்றி எழுதி இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கட்டுரையின் தலைப்பிலேயே அந்தக் கூண்டு இருக்கிறது.

இடம் இதுதான். பியூரிட்டன் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவின் பழைய போதகர் பாக்ஸ்டர், உலகப் பொருள்கள் மீதான கவலை ஒரு புனிதரின் தோளில் கிடக்கும் மெல்லிய மேலாடை போல, நினைத்தபோது கழற்றி எறியும்படி இருக்க வேண்டும் என்றாராம். ஆனால் விதி அந்த மேலாடையை ‘கெஹொய்ஸெ’ ஆக்கிவிட்டது என்கிறார் வெபர்.

என் கேள்வி: சொல் மாறினால் கோட்பாடு மாறுமா? இல்லை, நான் சும்மா வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேனா?

கணக்குப்பிள்ளை

தொங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கோபம் வேண்டாம்.

வெபரின் வாதம் என்ன? தொழிலைக் கடவுள் இட்ட கடமையாகப் பார்த்த ஒரு மனநிலை முதலாளித்துவத்துக்கு உதவியது. பிறகு கடவுள் போய்விட்டார், கடமை மட்டும் நின்றுவிட்டது. இது வரலாற்றில் சரியா தப்பா என்று பார்க்கலாம். எந்த நாட்டில், எந்தச் சபையில், எந்த நூற்றாண்டில் என்று சான்று தேடலாம். கூண்டா கூடா என்பது இலக்கியக்காரர்கள் கவலை. நான் பொருளாதாரம் படித்தவன். அணி அலங்காரத்தைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

தமிழாசிரியர்_ஓய்வு

அம்மா செல்வி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஜெர்மன் எனக்கும் தெரியாது. நீங்கள் கொடுத்த பொருளை வைத்தே சொல்கிறேன்.

‘கல்நெஞ்சு’, ‘கல்சிலை’. இரண்டிலும் முன்னால் நிற்பது கல்தான். முதலாவது உவமைத்தொகை: கல் போன்ற நெஞ்சு. இரண்டாவது கல்லால் ஆகிய சிலை, அதாவது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள்.

‘எஃகுக் கடினமான உறை’ என்பது கல்நெஞ்சு வகை. எஃகைப் போலக் கடினம் என்றுதான் சொல்கிறார், எஃகால் செய்தது என்று சொல்லவில்லை. ‘இரும்புக் கூண்டு’ கல்சிலை வகை. இரும்பாலேயே அடித்த கூண்டு. ஆங்கிலத்துக்குப் போன வழியில் ஒரு ‘போல’ விழுந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒன்று. தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகையாகச் சொல்கிறது. செயல், அதன் விளைவு, வடிவம், நிறம். ஒருவர் உவமை சொன்னால் அதில் எது ஒத்திருக்கிறது என்று கேட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும். கூண்டு என்றதும் என்னென்ன கூடவே வருகின்றன? கம்பிகள். கம்பி வழியாக வெளியே பார்க்கலாம். கதவு உண்டு, பூட்டு உண்டு. பூட்டியவன் ஒருவன் உண்டு, அவன் இடுப்பில் சாவி உண்டு. ஓட்டுக்கு இதில் எது இருக்கிறது? நத்தையை யார் பூட்டினார்கள்?

கணக்குப்பிள்ளை

ஐயா, அந்த சாவி விஷயத்தை யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் எந்த வாசகனும் வெபர் நிஜக் கூண்டைச் சொல்கிறார் என்று நினைக்கப்போவதில்லை.

தமிழாசிரியர்_ஓய்வு

நினைக்கமாட்டான். ஆனால் தேடுவான். கூண்டு என்று கேட்டவன் பூட்டியவனைத் தேடுவான். “யார் நம்மை அடைத்தது?” என்று அடுத்த கேள்வி தானாக வரும். ஓடு என்றால் அந்தக் கேள்வியே எழாது.

ஸ்டுட்கார்ட்_சேகர்

செல்வி அக்கா, இந்த இழையை வேலை இடைவேளையில் பார்த்துச் சிரித்துவிட்டேன். ‘கெஹொய்ஸெ’ என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது படிக்கிறேன். கியர்பாக்ஸ் வரைபடத்தில் கியர்பாக்ஸின் கெஹொய்ஸெ, பம்ப் வரைபடத்தில் பம்பின் கெஹொய்ஸெ. நம் ஊரில் ‘கேஸிங்’ என்போமே, அதுவேதான். கடிகாரத்தின் வெளிக்கூட்டுக்கும் இதே சொல். நத்தை ஓட்டுக்கும் இதே சொல். ஆப்பிளை வெட்டினால் நடுவில் விதைகளைச் சுற்றி ஒரு கடினமான அறை இருக்கும், அதற்கும் இதையே ஒட்டிச் சொல்வார்கள். கூண்டுக்கு ஜெர்மனில் வேறு சொல் இருக்கிறது: ‘கேஃபிக்’. வெபருக்கு அது வேண்டுமென்றால் எழுதியிருப்பார்.

நான் முதலில் வேலை கற்றது கோயம்புத்தூரில், ஒரு பம்ப் பட்டறையில். அங்கே மேஸ்திரி ஒரு நாள் கேஸிங் மாட்டாத பம்பைக் காட்டி, “இதைத் தண்ணியில முக்கி ஓட்டினா என்ன ஆகும்?” என்று கேட்டார். உள்ளே இருக்கும் சக்கரமான இம்பெல்லர் சுற்றும், தண்ணீரை நாலாபக்கமும் வீசும், அவ்வளவுதான். ஒரு அடி உயரம்கூட ஏறாது. கேஸிங்தான் வீசப்பட்ட தண்ணீரை வாங்கி, அகன்றுகொண்டே போகும் வழியில் ஓடவிட்டு, வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. அதைச் சிறை என்று சொன்னால் மேஸ்திரி அடிக்க வருவார். உள்ளே இருப்பது வெளியே சிதறக்கூடாது, சிதறாததால்தான் வேலை நடக்கிறது.

வெபர் பம்பை நினைத்து எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே பத்தியில்தான் இயந்திர உற்பத்தியையும் எரிபொருளையும் பேசுகிறார். ஆலை வாசம் அடிக்கிற பத்தி அது.

சும்மா_வந்தேன்

இதெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா?

ஸ்டுட்கார்ட்_சேகர்

கேஸிங் படித்தால் கிடைக்கும் தம்பி.

செல்வி_மதுரை

சேகர், நீங்கள் சொன்னதைப் பார்த்ததும் திரும்பப் போய் மூலத்தையும் இரண்டு ஆங்கிலப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்து, அகராதியோடு உட்கார்ந்தேன். இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, மேலாடை. மேலாடை உடம்பில் போர்த்துவது. அது இறுகி, காய்ந்து, ஓடாகிவிடுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. நனைந்த கோணிச் சாக்கு மேல் சிமென்ட் கொட்டினால் விறைத்துப்போகுமே, அது மாதிரி. மேலாடை எப்படிக் கூண்டாகும்? நானே அந்த வரியைத் தமிழில் எழுதும்போது ஏதோ இடறியது. என் மொழிநடைதான் சரியில்லை என்று நினைத்து நாலு தடவை மாற்றி எழுதினேன்.

இரண்டாவது, கொஞ்சம் தள்ளி ஒரு வரி: வருங்காலத்தில் அந்தக் கெஹொய்ஸெயில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று இன்னும் எவருக்கும் தெரியாது. ‘வோனென்’, அதாவது குடியிருப்பது, வாழ்வது. கூண்டில் யாரும் குடியிருப்பதில்லை, அடைபட்டுக் கிடப்பார்கள். கூட்டில் குடியிருக்கலாம்.

அதற்கும் முன்னால்: பியூரிட்டன் தொழிலுக்கே வாழும் மனிதனாக இருக்க விரும்பினான், நாம் அப்படி இருந்தாக வேண்டியிருக்கிறது. முதலில் விருப்பம், பிறகு கட்டாயம். அவனே போர்த்திக்கொண்ட துணி அது. யாரும் பிடித்து அடைக்கவில்லை.

பழைய_அலமாரி

ஆங்கிலத்தில் இதைச் சரிசெய்தவர்களும் உண்டு. ஸ்டீஃபன் கால்பெர்க் தன் மொழிபெயர்ப்பில் ‘எஃகுக் கடினமான உறை’ என்று போட்டார். பீட்டர் பேயரும் கோர்டன் வெல்ஸும் 2002இல் ‘எஃகு போல் கடினமான ஓடு’ என்று போட்டார்கள். பேயர் அதற்கு முந்தின வருடமே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது: இரும்பு தனிமம், மண்ணிலேயே கிடைப்பது. எஃகு மனிதன் காய்ச்சிச் செய்தது, நவீனத் தொழில் செய்த பொருள். வெபர் தன் காலத்துக்கு எஃகைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது.

பார்சன்ஸுக்குக் கூண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு ஊகம் உண்டு. 1678இல் வந்த பன்யனின் மோட்சப் பயணக் கதையில் நம்பிக்கை இழந்த ஒருவன் இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். எட்வர்ட் டிரியாக்கியன் அந்தப் பக்கம் கை காட்டினார். பார்சன்ஸின் அப்பா சபைப் போதகர். அந்த வீட்டில் பன்யன் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெபரும் அதே நூலில் பன்யனைப் பேசுகிறார்.

எனக்கு இது ஊகமாகவே இருக்கட்டும். ஆனால் அழகான ஊகம். தொழில்துறை பற்றிய ஒரு சித்திரம் கடல் தாண்டும்போது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாக மாறியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

சரி, ஒரு உருவகத்தில் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இது வெபர் எழுத்து, பாதி தத்துவம். பொருளாதாரத்தில் கணக்கு இருக்கிறது. அங்கே இது செல்லாது.

பழைய_அலமாரி

அங்கேதான் ரொம்பச் செல்லும். உங்கள் துறையின் தந்தை ஆடம் ஸ்மித் முதலில் பாடம் நடத்தியது எதை? எடின்பரோவில் 1748 முதல் மூன்று வருடம் அவர் நடத்தியது சொற்கலை, நடை, இலக்கியம். பிறகு கிளாஸ்கோவிலும் அதைச் சொல்லித் தந்தார். மாணவர்கள் எடுத்த குறிப்பு 1958இல்தான் கிடைத்தது, 1963இல் அச்சாயிற்று.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ‘கண்ணுக்குத் தெரியாத கை’. 1776இல் வந்த பெரிய நூலில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் சந்தையைப் பற்றிய பொது விதியாக இல்லை. வியாபாரி தன் பாதுகாப்புக்காக மூலதனத்தை வெளிநாட்டில் போடாமல் உள்நாட்டிலேயே போடுவதைப் பேசும் இடத்தில். 1759 நூலில் ஒரு தடவை, பணக்கார நிலக்கிழார்களைப் பற்றி. வானியல் வரலாறு பற்றிய கட்டுரையில் ஒரு தடவை, அங்கே அது ஜூபிடர் தேவனின் கை! மூன்று இடத்தில் வந்த ஒரு சொற்றொடர் இன்று ஒரு முழுச் சித்தாந்தத்தின் பெயர்ப்பலகை. இதைக் கணக்கு செய்யவில்லை சார்.

டெய்ட்ரா மெக்ளோஸ்கி 1983இல் ஒரு கட்டுரையும் 1985இல் ஒரு நூலும் எழுதி, பொருளாதார நிபுணர்களும் உருவகத்தாலும் கதையாலும் பெரியவர் பெயரைச் சொல்லியும்தான் ஒருவரை ஒருவர் நம்பவைக்கிறார்கள் என்று காட்டினார். அவரும் உங்கள் துறைக்காரர். ‘மனித மூலதனம்’ என்பது கணக்கா, உருவகமா?

கணக்குப்பிள்ளை

உருவகம்தான். ஆனால் அளக்க முடிகிற உருவகம். படித்த வருடம், வாங்கும் சம்பளம்.

பழைய_அலமாரி

அளக்கத் தொடங்கியது உருவகம் வந்த பிறகு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை முதலீடு என்று பார்த்ததால்தான் வருமானம் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே பிறக்கிறது. மெக்ளோஸ்கி கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கணக்குக்கு முன்னால் யார் பேசினார்கள் என்று பாருங்கள் என்றார்.

தமிழாசிரியர்_ஓய்வு

நடுவில் ஒரு இலக்கணக் குறிப்பு. நம் மொழியில் ‘விலை ஏறியது’ என்றும் சொல்லலாம், ‘விலையை ஏற்றினார்கள்’ என்றும் சொல்லலாம். ஏறு, ஏற்று. தன்வினை, பிறவினை. மாறு, மாற்று. உருவாகு, உருவாக்கு. குறை, குறைப்பு என்று பெயர்ச்சொல் ஆக்கிவிட்டால் இன்னும் வசதி, ஆளே வேண்டாம்: ‘ஆட்குறைப்பு நிகழ்ந்தது’. சமூக அறிவியல் கட்டுரைகளைத் திருத்தித் தரச் சொல்லிப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் தன்வினை. ‘குடிசைகள் அகன்றன’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். குடிசைக்குக் கால் முளைத்ததா என்று கேட்டேன். “நடுநிலையாக எழுதச் சொன்னார்கள் ஐயா” என்றான்.

கணக்குப்பிள்ளை

இது சுடுகிறது. நான் எழுதிய அறிக்கைகளில் ‘சந்தை எதிர்வினை ஆற்றியது’ எத்தனை தடவை வந்திருக்கும் என்று எண்ணப் பயமாக இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா விலையேற்றத்திலும் ஒரு ஏற்றியவன் இருப்பதில்லை. மழை தவறி, லாரி வராமல், பத்தாயிரம் பேர் தனித்தனியாக முடிவெடுத்து விலை ஏறுவதும் உண்டு. அங்கே பிறவினை போட்டால் இல்லாத வில்லனைச் செய்கிறோம். தன்வினையும் சில சமயம் உண்மை.

தமிழாசிரியர்_ஓய்வு

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் வெபருக்கு ஓடு வேண்டும், கூண்டு வேண்டாம் என்கிறேன். ஓடு தன்வினை. கூண்டு பிறவினை.

பேராதனைப்_பழசு

வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

எங்கட பக்கம் மார்க்சியம் கதைத்து வளர்ந்தவர்களுக்கு ‘அடித்தளம், மேற்கட்டுமானம்’ தண்ணீர் பட்ட பாடு. பொருளாதாரம் அடித்தளம், மற்றதெல்லாம் அதன்மேல் எழுந்தது என்று 1859இல் மார்க்ஸ் எழுதிய ஒரு முன்னுரையில் இருந்து வந்த கட்டட உருவகம். கட்டடம் என்றபடியால் கீழே உள்ளதுதான் மேலே உள்ளதைத் தாங்கும். மேல்மாடி அத்திவாரத்தை மாற்றாது. கலையும் சட்டமும் மதமும் மாடியில் இருக்கும் வெறும் நிழல்கள் என்று இளம் வயதில் நாங்கள் அடித்துச் சொல்வோம். மார்க்ஸின் தோழர் ஏங்கல்ஸ் 1890இல் யோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்தில், பொருளாதாரம் ஒன்றுதான் தீர்மானிக்கிறது என்று திரிப்பவர்கள் அதை அர்த்தமற்ற வெற்று வாக்கியமாக்குகிறார்கள் என்று கண்டித்தே இருக்கிறார். ஆனால் கடிதத்தை ஆர் வாசித்தது? கட்டடம்தான் மனதில் நின்றது. விளக்கம் தோற்று உருவகம் வென்ற கதை அது.

இன்னொன்று. நாங்கள் எல்லாரும் ‘சமூகக் கோட்பாடு’ என்கிறோம். அந்தச் ‘சமூகம்’ என்ற சொல்லையே யாரும் பார்க்கவில்லையே? இலங்கையில் கூட்ட அழைப்பில் ‘தவறாது சமூகமளிக்கவும்’ என்று போடுவோம், வந்து சேரவும் என்ற அர்த்தத்தில். பழைய கடிதங்களில் ‘அன்னாரின் சமூகத்துக்கு’ என்றால் அவர் முன்னிலைக்கு. செய்தியில் முஸ்லிம் சமூகம், மலையகச் சமூகம் என்றால் ஓர் இனக்குழு. அப்ப, எல்லா மனிதரையும் உள்ளடக்கிய பெரிய ஒன்றுக்கு எங்களிடம் இருக்கும் சொல், தினசரிப் பாவனையில் எப்போதும் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது.

செல்வி_மதுரை

இங்கே இன்னும் மோசம் அண்ணா. கல்யாணப் பேச்சில் “நீங்க என்ன சமூகம்?” என்று கேட்டால் சாதி கேட்கிறார்கள் என்று பொருள். ‘சமூகம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது’ என்று நான் வட்டத்தில் வாசித்தபோது ஒரு அம்மா, “எந்தச் சமூகம்?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். போயிருக்கக் கூடாது.

நெறியாளர்

இந்தப் புள்ளியிலிருந்து குறிப்பிட்ட சாதிப் பெயர்களை வைத்து வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சொல்லைப் பற்றிப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை

என் பங்குக்கு ஒன்று. பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1991இல் எழுதியது. சீர்திருத்தத்தை எதிர்ப்பவர்கள் இருநூறு வருடமாக மூன்றே அச்சில்தான் வாதம் வார்க்கிறார்கள் என்றார்: செய்தால் நேர்மாறாக முடியும், செய்தாலும் ஒன்றும் மாறாது, செய்தால் இருப்பதும் போய்விடும். டீக்கடையில் எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்த மூன்றும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும், நான் எண்ணியிருக்கிறேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. முற்போக்குத் தரப்புக்கும் இதே மாதிரி தேய்ந்த அச்சுகள் உண்டு என்று அதே நூலில் காட்டினார். அதனால்தான் அவரை நம்புகிறேன்.

வாதத்துக்கு அச்சு இருப்பதாலேயே வாதம் பொய் ஆகிவிடாது. நேர்மாறாக முடிந்த திட்டங்களும் உண்டு. அச்சு தெரிந்தால் ‘இந்தத் தடவை ஆதாரம் எங்கே?’ என்று கேட்கலாம், அவ்வளவுதான். நான் முதலில் சொன்ன சான்று இப்போதும் தேவைதான் ஐயா. எங்கே தேடுவது என்பதைச் சொல் சொல்கிறது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

செல்வி_மதுரை

சரி, வேலைக்கு வருகிறேன். மூன்று வழி இருக்கிறது. ‘இரும்புக் கூண்டு’ என்றே விட்டுவிடலாம். தொண்ணூறு வருடப் பழக்கம், எல்லாருக்கும் தெரியும். ‘எஃகு ஓடு’. இல்லையென்றால் ‘எஃகுக் கூடு’. கூட்டின் பக்கம் என் மனசு சாய்கிறது. கூண்டுக்கும் கூட்டுக்கும் ஒலியிலேயே உறவு இருக்கிறது, பழைய வாசகரும் அடையாளம் கண்டுகொள்வார். தேன்கூடு, பட்டுக்கூடு, கூடு விட்டுக் கூடு பாய்வது, எல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஸ்டுட்கார்ட்_சேகர்

பட்டுக்கூடு அருமை அக்கா. புழு தானே நூற்றுத் தானே உள்ளே மாட்டிக்கொள்வது. வெபர் 1918 வாக்கில் அதிகாரவர்க்கத்தைப் பற்றி எழுதும்போதும் வருங்கால அடிமைத்தனத்தின் ‘கெஹொய்ஸெ’ என்று இதே சொல்லைப் போடுகிறார். அங்கேயும் கூடு என்றே போட்டால் இரண்டும் ஒட்டும்.

தமிழாசிரியர்_ஓய்வு

‘எஃகுக் கூடு’ என்றால் மறுபடியும் கல்சிலை ஆகிவிடும் அம்மா. எஃகால் செய்த கூடு என்றுதான் படிப்பார்கள். ‘எஃகென இறுகிய கூடு’ என்று போடுங்கள். ‘என’ உவம உருபு. மேலாடை இறுகியது என்பதும் வந்துவிடும்.

செல்வி_மதுரை

ஐயா! இதுதான். எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒரு சிக்கல். கடைசி ‘டன்’ நிலக்கரி எரிந்து தீரும்வரை இந்த ஏற்பாடு நம்மை ஆளும் என்று பார்சன்ஸ் எழுதுகிறார். மூலத்தில் டன் இல்லை, ‘ட்சென்ட்னர்’ என்று இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்_சேகர்

ட்சென்ட்னர் என்றால் 50 கிலோ. நிலக்கரி என்றும் அவர் சொல்லவில்லை, புதைபடிவ எரிபொருள் என்று பொதுவாகத்தான் சொன்னார். டன் என்றால் லாரியும் கிரேனும் வேண்டும். 50 கிலோ ஒரு ஆள் முதுகில் ஏற்றுகிற அளவு.

கணக்குப்பிள்ளை

சிமென்ட் மூட்டை சரியாக 50 கிலோ.

செல்வி_மதுரை

‘கடைசி மூட்டை எரிபொருள் எரிந்து தணியும்வரை.’ போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் வாசித்தேன். ‘எஃகென இறுகிய கூடு’ வந்ததும், முன்பு ‘எந்தச் சமூகம்?’ என்று கேட்ட அதே அம்மா கையைத் தூக்கினார். “குருவிக்கூடா, எலும்புக்கூடா?” நத்தைக்கு ஓடு மாதிரி என்று விளக்கப் பார்த்தேன். “அப்ப ஓடுன்னே எழுதியிருக்கலாமே” என்றார். அடுத்த வாரமும் அதே பக்கம்தான்.